பதினொரு விநாடி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் இந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், கதவுக் கீல் செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஓட்டுகிறவன். கை வேகத்தைப் பார்த்து அங்கே அவனுக்கு வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. தங்கை அதே ஆலையின் அலுவலகத்தில், ஒரு கீலுக்குக் கூலி எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடுகிறவள். ஸ்டாப்வாட்சோடு வந்து நிற்பதால் அவளைக் 'கடிகாரக்காரி' என்பார்கள். அப்பா போன பிறகு அண்ணன் ஓவர்டைம் பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தான். பத்தொன்பது நாளுக்கு முன்னால் நாலாம் நம்பர் பிரஸ் அவனுடைய வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு மூன்று மணிக்கு விசாரணை.

காலை எழுந்ததிலிருந்து அண்ணன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். நாலு தாள் தீர்ந்துவிட்டது.

"பாப்பா, இங்க வா. இது என் பேரு மாதிரி இருக்கா, இல்ல எறும்பு மையில விழுந்து எழுந்து ஓடுன மாதிரி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணா."

"பொய் சொல்லாத. உனக்கு அது சின்ன வயசுலருந்தே வராது."

அவளுக்கு முப்பது வயது ஆகப்போகிறது. இன்னும் பாப்பாதான். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசி எழுத்து எல்லா இடத்திலும் அவன் போட்டிருந்த கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது.

அண்ணி சட்டையைக் கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, முன்னால் நின்று பட்டன் போட ஆரம்பித்தாள்.

"கடிகாரத்தை எடு பாப்பா. உங்க அண்ணி ஆறு பட்டனை எத்தனை விநாடியில போடுறான்னு பாத்துடுவோம்," என்றான் அண்ணன்.

அண்ணி மூன்றாவது பட்டனைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டு, கழற்றி மறுபடி போட்டாள்.

அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். பத்தொன்பது நாளாக அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாப்பாடு வச்சிருக்கு", "தண்ணி வருது", அவ்வளவுதான். தான் எழுதின கணக்கால்தான் இப்படி ஆயிற்று என்று அண்ணி நினைக்கிறாள் போல, நினைக்கட்டும், நினைத்தால் தப்பில்லை என்று தங்கை அதை வாங்கிக்கொண்டாள்.

பின்பக்கம் கொடியில் துணி கிடந்தது; எப்போதும் அண்ணிதான் எடுப்பாள், இன்றைக்குத் தங்கை போனாள். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொரு துணியின் முனையையும் கொடியிலேயே முடிச்சுப் போட்டிருந்தாள் அண்ணி. முடிச்சை அவிழ்ப்பதற்குள் தங்கைக்கு நகம் வலித்தது.

"க்ளிப்பெல்லாம் என்னாச்சு அண்ணி?"

அண்ணி அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறை அலமாரியில் ஒரு ஜாம் பாட்டிலில் சின்னச் சின்னச் சுருள் கம்பிகள் கிடந்தன. தங்கை அவற்றைப் பார்த்தாள். அண்ணி எதையும் தூக்கிப் போட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள்.

கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தான். "பாப்பா, நீ இன்னிக்கு அந்த ரூம் பக்கமே வராத."

"விநாடி அளந்து நான் எழுதின நேரத் தாளை நான்தான் கொண்டு வரணும்னு சொல்லியிருக்காங்க."

"வேற யார்கிட்டயாச்சும் கொடுத்தனுப்பு. நான் வருவேன், ரெண்டு வார்த்தை சொல்லுவேன், கையெழுத்தைப் போடுவேன், போயிட்டே இருப்பேன்."

"என்ன ரெண்டு வார்த்தை?"

"அது எனக்கும் அவங்களுக்கும்," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே திரும்பினான்.

அந்த இரண்டு வார்த்தையில்தான் குடும்பத்தின் சோறே இருந்தது. பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் உண்டு, இரண்டும் ஒரு முழம் தள்ளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்காது என்பதுதான் அதன் நியாயம். ஒரு பொத்தானில் எதையாவது செருகி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் அடுத்த தகட்டை வைக்கலாம். நேரம் மிச்சம். அண்ணனின் வலது பொத்தானில் அப்படி ஒன்று செருகியிருந்தது. யார் செருகினார்கள், ஏன் செருகினார்கள் என்பதற்குத்தான் விசாரணை.

இயந்திரத்தின் மேல் தப்பு, வேலை கொடுத்த விதத்தின் மேல் தப்பு என்றால் முழு நஷ்டஈடு, மாதா மாதம் வரும். தொழிலாளியே வேண்டுமென்று பாதுகாப்பை எடுத்தான் என்றால் பாதித் தொகை, அதுவும் ஒரே தடவை. வேலையும் போச்சு. இடது கையை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதில் அவன் எங்கே போய் நிற்பான்?

* * *

ஆலைக்குள் நுழைந்ததும் மேனேஜர் கூப்பிடுகிறார் என்றார்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நமக்கும் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தவர். எண்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர், தூக்கத்திலும் ஒரு கீலின் விலையைச் சொல்லக் கூடியவர்.

"உக்காருங்கம்மா. ஒரு தாள் வேணும். இந்த விபத்து ஒரு கீலுக்கு எவ்வளவு ஏத்துதுன்னு ஆர்டர் கொடுத்தவங்க கேக்குறாங்க. முழு நஷ்டஈடுன்னா எவ்வளவு, பாதின்னா எவ்வளவு. கூலிச் செலவுல தனி வரியாப் போட்டுடுங்க."

"நானா சார்?"

"வேற யாருக்கும் போடத் தெரியாதேம்மா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் அங்கேயே போட்டுக் கொடுத்தாள். வருஷத்துக்கு நாற்பது லட்சம் கீல். ஒரு வருஷத்து முழுத் தொகையை அதில் வகுத்தால் ஒரு கீலுக்கு ஐந்து காசு கூட வரவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்த கை அது. வகுத்து முடித்ததும் விடையைச் சரிபார்த்தாள், பழக்கதோஷம். பிறகு தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

மேனேஜர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். "பொத்தான்ல இருந்தது இதுதான். மூணு மணிக்கு அதிகாரிகிட்ட கொடுக்கணும்."

உறைக்குள் ஒரு மரத்துண்டு. துணி க்ளிப்பில் பாதி. ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்திருந்தது. அடியில் நீல நெயில் பாலிஷில் ஒரு புள்ளி.

தங்கை உறையைத் திருப்பி மறுபடி பார்த்தாள். மாடி வீட்டுக்காரர்களும் அதே கொடியில் துணி போடுவார்கள், க்ளிப் மாறிவிடக் கூடாது என்று அண்ணி வைக்கிற புள்ளி அது. அந்த நெயில் பாலிஷே தங்கை வாங்கிக் கொடுத்ததுதான். அண்ணி விரலில் பூசாமல் க்ளிப்பில் பூசினாள் என்று அன்றைக்கு எப்படிச் சிரித்தார்கள்.

"ஒரு விஷயம்," என்றார் மேனேஜர். "உங்க அண்ணன் நேத்தே எனக்கு போன் பண்ணிட்டாரு. தானே வச்சேன்னு எழுதிக் கொடுத்துடுறேன்னாரு. அப்படி முடிஞ்சா நேரத் தாளை யாரும் நோண்ட மாட்டாங்க. நோண்டுனா உங்க கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு. பதினொரு விநாடின்னு சொல்லித்தான் ஆர்டர் வாங்கினோம். அது போச்சுன்னா எண்பது வீட்ல அடுப்பு எரியாது. தானாடாவிட்டாலும் தசையாடும்பாங்க. எனக்குப் புரியுது. இன்னிக்கு ஒரு நாள் ஆடாம இருங்க, போதும்."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். மிரட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

* * *

அந்தப் பதினொரு விநாடியின் கதை ஏழு மாதத்துக்கு முந்தியது.

அதுவரை ஒரு கீலுக்குப் பதினான்கு விநாடி. தகட்டை அச்சில் வை, அமுக்கு, திருப்பிப் போடு, மறுபடி அமுக்கு, எடுத்துக் கூடையில் போடு. ஷிப்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கீல். வேறொரு ஆலை விலையைக் குறைத்துவிட்டதால் இவர்களும் கூலிச் செலவைக் குறைக்க வேண்டும், முதலில் நேரத்தை மறுபடி அளக்க வேண்டும் என்று வந்தது. அளக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் தடவை. யாரை அளப்பது? நாலாம் நம்பரில் அண்ணன் நின்றிருந்தான்.

சராசரி பதினொன்று வந்தது. ஆர்டர் கிடைத்தது. அவளுக்கு எல்லார் முன்னாலும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஆறு பிரஸ்ஸுக்கும் ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு, குறைந்தால் போனஸ் கட்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பிரஸ் வரிசைக்குப் போனாள். நாலாம் நம்பரில் யாரும் இல்லை. சிவப்பு அட்டை தொங்கியது. அடுத்து ஐந்து, அடுத்து ஆறு. ஆறாம் நம்பர்க்காரர் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "பொத்தான்ல வைக்கிற கட்டை... அண்ணன் மட்டும்தானா?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். சட்டைப் பையில் கை விட்டு எடுத்து அவள் முன்னால் நீட்டினார். நீலப் புள்ளி.

"ஆளுக்கு நாலு. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு. உங்க அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது."

"அண்ணனா?"

"பின்ன? அவனாலதானே எங்களுக்கு பதினொண்ணு வந்துச்சு. அவனுக்கே மனசு கேக்கல." அவர் சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவசரத்துல அண்டாவுக்குள்ளயே கை போகாதும்பாங்க. எங்களுக்கு அவசரத்துலதாம்மா கை உள்ள போகுது."

"அன்னிக்கு நான் அளந்தப்ப கட்டை இல்லையே. ரெண்டு கையாலயும்தானே அமுக்கினாரு? நான் கண்ணால பாத்தேன்."

"ரெண்டு கையாலதான் அமுக்கினான். ரெண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் எவனால முடியும்?" அவர் அவளையே பார்த்தார். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? இந்த வரிசையில ஒரு சட்டம் உண்டு. கடிகாரம் பாக்குறப்ப கை வலிக்கணும். அளக்க வந்தா எவனா இருந்தாலும் கொஞ்சம் மெதுவா ஓட்டுவான். நாளைக்கு அந்த நேரத்துலதானே சாகணும்? இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்க அண்ணன்தான். அவனே அன்னிக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஓட்டுனான். நீங்க போனதும் அவன் சட்டையைப் பிடிச்சேன் நான்."

"என்ன சொன்னாரு?"

"'என் தங்கச்சி முதல் தடவையா கடிகாரம் பிடிச்சு நிக்குறா. அவ முன்னாடி சோம்பேறியா நிக்கச் சொல்றியா'ன்னான். அதுக்கு மேல என்னத்தைப் பேசுறது? விட்டுட்டேன்."

அவள் நாலாம் நம்பரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதால் அவர் சாப்பிட மாட்டார்.

இதில் அவளுடைய பங்கும் இருந்தது, அது அவருக்குத் தெரியாது. நேரத் தாளில் ஒரு கட்டம் உண்டு: வேக மதிப்பு. அளக்கப்படுகிறவன் சாதாரண ஆள் என்றால் நூறு. வேகமானவன் என்றால் நூற்றுக்கு மேல், எவ்வளவு மேலோ அவ்வளவு நேரத்தையும் கூட்டிப் போட வேண்டும். அண்ணனுடைய கையைப் பார்த்த எவரும் நூற்று முப்பது என்று எழுதியிருப்பார்கள். அவள் பேனாவும் முதலில் ஒன்று, மூன்று என்றுதான் போனது. பிறகு, 'அண்ணனுக்குத் தங்கச்சி நேரத்தை அள்ளிக் கொடுத்துட்டா' என்று பேச்சு வரும் என்று பயந்தாள். பாரபட்சம் இல்லாதவள் என்று பெயர் எடுக்க வேண்டும். அடித்துவிட்டு நூறு என்று எழுதினாள்.

அவன் அவளுக்காக ஓடினான். அவள் அவன் ஓடியதே இல்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

* * *

மூன்று மணிக்கு மீட்டிங் அறையில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி ஐம்பது வயது அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். மேனேஜர் பக்கத்தில். எதிரே அண்ணன். அண்ணி கதவோரம் நின்றிருந்தாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தங்கை தாளோடு உள்ளே வந்ததும் அண்ணனின் முகம் சுருங்கியது. வராதே என்று சொன்னேனே என்று கண்ணாலேயே கேட்டான். அவள் சுவரோரம் நின்றாள்.

அதிகாரி உறையைத் தூக்கிக் காட்டினார். "இது யாரு வச்சது?"

"நான்தான் மேடம்."

"யாராவது வைக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. சோம்பேறித்தனம், வேற என்ன?"

"கொடுத்த நேரம் போதாம இருந்துச்சா?"

"தாராளமா இருந்துச்சு மேடம். பதினொரு விநாடிங்கறது நிறைய. நான்தான் சீக்கிரம் முடிச்சிட்டு உக்காரலாம்னு..."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் லேட்டாக வராதவன் சொன்னான். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டை எங்கருந்து வந்துச்சு?"

"கீழ கிடந்துச்சு. எடுத்துச் செருகினேன்."

கதவோரம் அண்ணி அசைந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டி, தாளைத் திருப்பி வைத்தார். அண்ணன் பேனாவை இடது கையில் வாங்கினான். காலையெல்லாம் பழகினான் அல்லவா, நிதானமாகத்தான் போட்டான். கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது.

"சரி. நேரத் தாளையும் ஒரு பார்வை பாத்துடுறேன்," என்று அதிகாரி கை நீட்டினார். தங்கை கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் கோடு கோடாக இறங்கி வந்தார். "இதென்ன, ஒரு எண்ணை அடிச்சிட்டு நூறுன்னு எழுதியிருக்கு?"

மேனேஜர் நிமிர்ந்தார். "அது ஒண்ணுமில்ல மேடம். சாதாரண வேகம்னு அர்த்தம்."

"எழுதினது நீங்களாம்மா?"

"ஆமா மேடம்."

"சாதாரண வேகம்தானா?"

"ஆமான்னு சொல்லிட்டு வெளிய போ பாப்பா," என்றான் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னான். தெருவில் நாய் வரும்போது பின்னால் வந்து நில் என்று சொல்வானே, அதே குரல்.

இத்தனை வருஷம் அவள் அந்தக் குரலுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறாள். இன்றைக்கு நிற்கவில்லை.

"இல்ல மேடம். நான் எழுதினது பொய்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரு ஓட்டுன வேகம் நூத்தி முப்பது. அப்படி எழுதியிருந்தா நேரம் பதினாலு விநாடிக்கு மேல வந்திருக்கும். யாரும் எதையும் செருக வேண்டியிருந்திருக்காது. இந்த ஆலையில அவரை மாதிரி பிரஸ் ஓட்ட ஆளே கிடையாது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு தகடு கூடக் கோணல் விழல, ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவை கூடக் கை தடுமாறல. பாத்துட்டு, எனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு, இவரு சாதாரண ஆளுன்னு எழுதினேன்."

சொல்லி முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

விரல் போன அன்று அவன் அழவில்லை. கட்டு மாற்றின நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு நர்ஸிடம் ஜோக் அடித்தான். இப்போது முகத்தைத் துடைக்க வலது கையைத் தூக்கி, கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா," என்றான்.

அது குற்றம் சாட்டுகிற பேச்சு இல்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே அன்றைக்கு அவன் ஓடினான்.

அதிகாரி அண்ணனின் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "நீங்க உங்க வாக்குமூலத்தை மாத்திக்கறீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"மாட்டேன் மேடம். கட்டையை வச்ச கை என்னுது. அவ பேனாவைத் தவிர எதையும் தொடல."

"அப்ப நீங்க?"

"நானும் எழுதித் தர்றேன் மேடம்," என்றாள் தங்கை.

அண்ணன் கையெழுத்துப் போட்ட அதே பேனாவால் அவளும் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு அவன் மேல, இவன் மேலன்னு அடிச்சுக்கறவங்களைத்தான் நான் பாத்திருக்கேன்," என்றார். "திங்கக்கிழமை மறுபடி உக்காருவோம். இந்தக் கட்டை கீழ கிடந்ததுன்னு நான் நம்பல. நீலப் புள்ளி வச்சு, தேச்சு மெருகேத்தின கட்டை எந்த ஆலையிலயும் தரையில கிடக்காது. யாரோ செஞ்சு கொடுத்திருக்காங்க. அது யாருன்னு அன்னிக்கு எனக்குத் தெரியணும்."

வெளியே வரும்போது மேனேஜர் பின்னாலேயே வந்தார். அவர் கோபப்படவில்லை, பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். "நாளைலருந்து ஆபீசுக்கு வராதீங்கம்மா. திங்கக்கிழமை பாத்துக்கலாம். பார்க்க ஏதாவது மிச்சம் இருந்தா," என்றார்.

* * *

அண்ணன் யாருக்கும் காத்திருக்காமல் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். தங்கை பின்னால் ஓடப் பார்த்தாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவளைத் தொட்டாள்.

"விடு, கொஞ்சம் தனியா நடக்கட்டும்."

"என்மேல கோபமா இருங்க அண்ணி, இருக்கலாம். ஆனா ஏதாவது திட்டியாச்சும் பேசுங்க."

"கோபமா?" அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உன் மூஞ்சியைப் பாக்கவே முடியாமதான் நான் சுத்திக்கிட்டு இருக்கேன்."

அவள் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நீ அளந்த ராத்திரி வீட்டுக்கு வந்து தோளைத் தூக்க முடியல அவருக்கு. தைலம் தேச்சு விட்டேன். 'பாப்பா பதினொண்ணுன்னு எழுதறதைப் பாத்தேன்டி, என்ன அழகா எழுதறா'ன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அடுத்த மாசம் வந்து, பொத்தான்ல செருக கட்டை வேணும்னாரு. ஒண்ணு பத்தாது, ஆறு பேருக்கும் வேணும்னாரு. என்ன பொத்தான், எதுக்குன்னு நான் கேக்கல. கொடியில இருந்த பன்னெண்டு க்ளிப்பையும் எடுத்துட்டு வந்து அடுப்புகிட்ட உக்காந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். கம்பியெல்லாம் அந்த பாட்டில்ல போட்டேன். மரம் பிசிறு பிசிறா இருந்துச்சு." அவள் கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "அவர் கையில குத்திடப் போகுதுன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் கொடுத்தேன்."

தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை நானும் உள்ள வந்து சொல்லிடட்டுமா?" என்றாள் அண்ணி. "சொன்னா அவரு கொண்டுவந்ததுன்னு ஆயிடுமா, மத்த அஞ்சு பேரு மாட்டிக்குவாங்களா, ஒண்ணும் தெரியல எனக்கு. இல்ல, கீழ கிடந்ததுன்னே இருக்கட்டுமா? நீ சொல்லு. நம்ம வீட்ல கணக்குத் தெரிஞ்சவ நீதானே."

அந்தப் பக்கம் பஸ் வந்தது. அண்ணன் பழக்கத்தில் வலது கையை நீட்டினான். வெள்ளைக் கட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் அவன் காலடியிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். அவன் ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் வந்து சேரட்டும் என்று அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.